மேல் வீட்டுத் தண்ணீர்

மேலே முதல் அடி விழுந்தபோது பொன்னுரங்கம் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, சுவரும் மேல்தளமும் சேரும் மூலைக்கு ஒரு சாண் இப்பால் உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார். கை நனைந்திருந்தது. சுவரைத் தொட்டு நனைந்த கை அல்ல அது, சும்மா காற்றில் நீட்டிய கை. கீழே இருந்த ஏர்கூலர் ஊதிய காற்று நேராக அங்கே வந்து மோதிக்கொண்டிருந்தது, கைரேகைகளுக்கு நடுவில் பொடிப்பொடியாக நீர் கோத்து நின்றது. காற்று உடம்பில் பட்டால் முட்டி வலிக்கிறது என்று மனைவி சாந்தகுமாரி கோடை தொடங்கியபோதே கூலரின் தகடுகளை மேல்நோக்கித் திருப்பி வைத்தவள்; அன்றிலிருந்து அது இந்த மூலையைப் பார்த்தே ஊதிக்கொண்டிருக்கிறது, ஜன்னலையெல்லாம் அடைத்த அறைக்குள், வாளி வாளியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு. மேல் வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது என்று அவர் ஊரைக் கூட்டிய அதே மூலை. இரண்டாவது அடி விழுந்தது. உளியை வைத்து சுத்தியலால் தட்டுகிற சத்தம், தளம் வழியாக இறங்கி ஸ்டூலின் கால்வரை வந்தது. இப்போது இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு மாடி ஏறி, நிறுத்துங்கள் என்று சொன்னால் ஒரு தரை ஓடு உடைந்ததோடு போகும். பொன்னுரங்கம் இறங்கினார். இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஒருவேளை மேல் வீட்டிலிருந்தும் கொஞ்சம் ஒழுகலாமே என்று மனம் ஒரு சந்து தேடியது. சந்து இல்லை. உடைப்பதற்கு முன் தரை உலரட்டும் என்று அந்தக் குளியலறைக்குப் போகும் குழாயைப் போன வாரமே மூடிவிட்டார்கள். அசோசியேஷன் செயலாளர் தீனதயாளன் வேலூருக்கே போன் போட்டுச் சொன்னார். அப்போது இவர்கள் இருவரும் அங்கே மைத்துனி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார்கள். சாந்தகுமாரி அங்கேயே தங்கிவிட, இவர் மட்டும் முந்தாநாள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சுவர் சுக்காகக் காய்ந்திருந்தது, பூஞ்சை கறுப்புப் பொடியாக உதிர்ந்து கட்டிலில் கிடந்தது. பார்த்தீர்களா, குழாயை மூடினார்கள், சுவர் காய்ந்தது, நான் சொன்னது சரி என்று அந்த நேரத்தில் அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனுக்குக்கூட வராது. அந்தச் சந்தோஷத்தோடு கூலரைப் போட்டுக்கொண்டு தூங்கினார், நேற்றும் அப்படியே. இன்று காலை கண் விழித்தால் மூலை மறுபடி கறுத்து, ஒரு சொட்டு உருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. மேலே குழாயில் தண்ணீரே இல்லை. தண்ணீர் இருந்த ஒரே இடம் அவருடைய கூலர்தான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் தான் விழுமாம். பல்லிக்காவது யாரும் சம்பளம் கொடுத்துச் சகுனம் சொல்லச் சொல்லவில்லை. இவருக்குப் பணிக்காலம் முழுக்கச் சம்பளம் கொடுத்து, பென்ஷனும் கொடுக்கிறார்கள், அதுவும் எதற்கு, இயற்பியல் சொல்லிக்கொடுத்ததற்கு. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது, மழை நாளில் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை. காற்றிலேயே ஈரம் நிறைந்துவிட்டால் வெளியேறும் ஈரத்துக்கு இடமில்லை. எத்தனை பிள்ளைகள் எழுதியிருக்கும் இந்தப் பதிலை. எழுதாத பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து, மூளையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தாயா என்று கேட்டிருக்கிறார்.

டங், டங், டங். உடைக்கிறவன் கை பழகிவிட்டது, சீரான தாளம் வந்துவிட்டது. வேலூரில் இந்தக் கூலர் ராஜா மாதிரி இருந்தது. அங்கே வெயில் வறட்டு வெயில், உதடு வெடிக்கும், துவைத்துப் போட்ட வேட்டி திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளமாகிவிடும்; ஜன்னலை அடைத்து, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து, கூலரைப் போட்டால் சொர்க்கம். ஓய்வு பெற்றதும் மகன் வாங்கிப் போட்ட கொட்டிவாக்கம் பிளாட்டுக்கு வந்தபோது, கட்டிலைக்கூட விற்றுவிட்டு வந்தவர் கூலரை விற்கவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, இந்த ஊர் காற்றே நனைந்த துணி மாதிரி, இதற்குள் இன்னும் தண்ணீரைக் கரைத்து ஊதுகிறோமே என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் தோன்றியிருக்கக்கூடாதா. வேலூர்ப் பழக்கம், பத்து மணிக்கெல்லாம் ஜன்னல் அடைத்தாயிற்று. கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்தாயிற்று, குளிர்ச்சி வெளியே போய்விடக்கூடாதாம். பால்கனியில் துணி காயப்போட்டால் கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று அசோசியேஷன் தடை போட்டதால், ஈரத்துணியும் அறைக்குள் கொடியில். துண்டு இரண்டு நாளானாலும் காயவில்லை, முகர்ந்தால் ஊறவைத்த அரிசி மறந்துபோன வாடை. தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. புது ஊறுகாயில் வெள்ளை பூத்தது. அவருடைய நல்லாசிரியர் சான்றிதழுக்குக் கண்ணாடிக்கு உள்ளே வியர்த்தது. ஈரத்தை உறிஞ்சும் என்று யாரோ சொல்லி, கட்டிலடியில் ஒரு கிண்ணம் கல் உப்பு வைத்தார், சில நாளில் உப்பு கரைந்து தண்ணீராக நின்றது. அறையில் இருந்த ஒவ்வொரு பொருளும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது, உன் காற்றுதான், உன் காற்றுதான் என்று. அவர் மேலே பார்த்தார். ஒவ்வொன்றையும் மேல் வீட்டுக்கு எதிரான சாட்சியாக எடுத்து வைத்தார். அந்த உப்புக் கிண்ணத்தை, ஐயோ, அந்தக் கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.

கூட்டத்தை நினைக்கக்கூடாது என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், போகிற வழியிலேயே கூட்டம் வந்துவிட்டது. கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேல் வீட்டுச் செண்பகவல்லி பின்வரிசையில், கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியபடி அவசரத்தில் வந்தவளாக உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் நல்லபெருமாள் மளிகைக்கடை வைத்து நன்றாக இருந்தவர், பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அவரைக் குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவாள். நேரம் பிடிக்கும். செம்பு வாளியில் முட்டுகிற சத்தமும், "தலையக் குனிங்க, இன்னும் கொஞ்சம் குனிங்க" என்று அவள் சொல்லுவதும் இவர் படுக்கையறைக்குக் கேட்கும். ஆரம்பத்தில் அது அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது, பாவம் எவ்வளவு பொறுமை என்று சாந்தகுமாரியிடம் சொல்லியிருக்கிறார். சுவர் கறுக்கக் கறுக்க அந்தச் சத்தம் வேறாகிவிட்டது. கூட்டத்தில் செண்பகவல்லி எழுந்து, "எங்க பக்கம் ஒழுக்கு இருக்க மாதிரி தெரியலியே சார்" என்று மட்டும் சொன்னாள், அதுவும் தணிந்த குரலில். வாத்தியாரை எதிர்த்து ஒருத்தி சொல்லிவிட்டாள் அல்லவா. கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். உப்பு தண்ணியாயிருக்கு பாருங்க என்றார். அதோடு உட்கார்ந்திருந்தால் வெறும் முட்டாளாக மட்டும் போயிருப்பார். "வீட்டுக்குள்ள எருமை மாட்டைக் குளிப்பாட்டுற மாதிரி மணிக்கணக்கா தண்ணி ஊத்தினா ஒழுகாம இன்னா பண்ணும்?" என்றார். யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு தனக்குக் கிடைத்த கைதட்டல் மாதிரி அவர் காதில் விழுந்தது. செண்பகவல்லி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. "சரிங்க சார், உடைச்சே பாத்துருவோம்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. சாந்தகுமாரி. "ஏங்க, சாப்ட்டீங்களா? இன்னா சத்தம் அது, டொக்கு டொக்குன்னு?" மேலே உடைக்கிறார்கள் என்றார். "அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே. செவுரு காஞ்சிருக்கான்னு பாத்தீங்களா?" பார்த்தேன் என்றார். காய்ந்திருக்கிறதா என்பதற்கு அது பதில் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. "வெயில்ல சுத்தாதீங்க, கூலரைப் போட்டுக்கினு படுங்க" என்று வைத்துவிட்டாள். அவள் வைத்த பிறகும் இவர் போனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தார். இவளிடமாவது சொல்லியிருக்கலாம். சாந்தா, நம்ம கூலர்தான். மூன்று வார்த்தை. இவளிடமே வராத மூன்று வார்த்தை அங்கே போய் எப்படி வரும். அப்புறம் மெதுவாக, பூனை அடுப்படிக்குள் நுழைகிற மாதிரி, அந்த யோசனை உள்ளே வந்தது: யாருக்கும் தெரியாதே. மேலே உடைத்து, புதுச் சிமெண்டு பூசி, ஓடு பதித்துவிடுவார்கள். இவர் கூலரை ஓசைப்படாமல் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிடுவார், சாந்தாவுக்கு மோட்டார் புகைந்துவிட்டது என்று சொல்லலாம். ஜன்னலைத் திறந்து வைப்பார். சுவர் தானாகக் காயும். தீனதயாளன் வந்து பார்த்து, கரெக்டா சொன்னீங்க சார், மேலேதான் பிரச்சினை என்பார். எல்லாம் பொருந்தி வந்தது. கணக்கில் ஒரு படி தப்பாகப் போட்டும் விடை சரியாக வந்துவிடுகிற பையன்கள் உண்டு, அவர்கள் முகத்தில் ஒரு கள்ளக் களை இருக்கும், கண்ணாடியில் பார்க்காமலே அது இப்போது தன் முகத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்தது. அதைவிட மோசம், அந்த யோசனை வந்ததும் நெஞ்சுப் படபடப்பு அடங்கியிருந்தது. நல்ல தூக்கம் வருகிற மாதிரிகூட இருந்தது. சீ என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டும் எழுந்திருக்கவில்லை.

எழுந்தது கூலரை அணைக்கத்தான். பம்பின் களகளப்பு நின்றதும் சுத்தியல் சத்தம் இரண்டு மடங்கானது. அறை உடனே வெந்தது, பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது, வியர்வை போக இடமில்லாமல் தோல் மேலேயே நின்றது. கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்கப் போனார், மரச்சட்டம் ஈரத்தில் உப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது, தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. காற்று வந்தது. நல்ல காற்று. உப்பும் மீன் வாடையும் கலந்து, கொடியில் தொங்கிய வேட்டியைத் தூக்கியடித்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இது வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்ததா என்று ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். திறந்த ஜன்னல் காற்றை மட்டுமா கொண்டுவரும், ஓடு சிதறுகிற சத்தமும் தெளிவாகக் கேட்டது. வழவழப்பான தரை ஓடாக இருக்காது, சொரசொரப்பாக இருக்கும், கணவர் வழுக்கிவிடக்கூடாது என்று செண்பகவல்லி தேடிப் பார்த்துப் போட்டிருப்பாள். போய்ச் சொன்னால் என்ன ஆகும். அவள் கத்தினால் நல்லது, கத்தட்டும். கத்தாமல் கூட்டத்தில் பார்த்த மாதிரி பார்த்தால். அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் வரும், படியில் எதிரே வருகிறவர்கள் குனிந்து சிரித்துக்கொள்வார்கள், இயற்பியல் வாத்தியாராம், கூலராம். சிரிக்கட்டும். அன்றைக்குச் சிரித்த அந்த ஆள்கூடச் சிரிப்பார். இன்னும் கொஞ்சம் உடைத்த பிறகு போனால் என்ன, போகாமலே இருந்தால் என்ன, முதல் அடிக்கே போயிருந்தால் இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது, இப்போது ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள் என்ற கேள்வி வேறு சேர்ந்துகொண்டது, இந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது, உட்கார உட்கார அது வட்டி போட்டு வளர்கிறது.

சுத்தியல் நின்றது. டீ குடிக்கப் போகிறார்கள் போல, ஆட்கள் பேசிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. அந்த அமைதியில், மேல் ஜன்னல் வழியாகச் செண்பகவல்லியின் குரல் வந்தது. குழந்தையைக் கெஞ்சுகிற குரல். "கையை எடுங்க. துண்டை நனைச்சுத் தொடைக்கத்தானே செய்யுதேன். எத்தனை நாளு இப்படியே இருப்பீங்க, உடம்பெல்லாம் வேர்க்குரு." ஒரு ஆணின் முனகல். மறுபடி அவள், இன்னும் தணிந்து, ஆனால் கடல்காற்று அதையும் கொண்டுவந்து போட்டது: "சத்தம் வராது. கீழ அவருக்குக் கேக்காது. சொட்டுகூடக் கீழ விழாமத் தொடைக்கேன்." கூட்டத்தில் சொன்ன வார்த்தை மேலே போயிருக்கிறது. யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், இல்லை, அவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழேதானே கார் நிறுத்துமிடம், யாரும் கொண்டுபோக வேண்டியதில்லை, இவர் குரல் நாற்பது பையன்களின் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல். அந்த மனிதர் மாடு என்பதைக் கேட்டுவிட்டு, அக்னி வெயிலில் ஈரத்துண்டைக்கூட மேலே படவிடாமல் உட்கார்ந்திருக்கிறார். பொன்னுரங்கம் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு ஏறினார்.

கதவு திறந்திருந்தது. கூடம் முழுக்க வெள்ளைப் புழுதி. குளியலறைக்குள் தரையைக் காணோம், கல்லும் மண்ணும் உடைந்த ஓடும் குவிந்திருந்தன, குழாய்கள் எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நல்லபெருமாள், இடது கையால் சட்டையின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். செண்பகவல்லி பதறி எழுந்தாள், ஈரத்துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அதை மறைத்ததை அவர் பார்த்தார்.

"சத்தம் தாங்கலியா சார்? ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க. இன்னைக்கு ஒரு நாளுதான்."

"இல்லம்மா. போதும், நிறுத்தச் சொல்லுங்க. உடைக்க வேணாம்."

"ஏன் சார்?"

வாக்கியம் படியேறும்போது தயாராகத்தான் இருந்தது. வாயில் வந்தது வேறு. "பரவாயில்லம்மா. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. இத்தோட விட்டுடலாம்."

செண்பகவல்லியின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்லுதீங்க சார்" என்றாள். திரும்பிக் கணவரிடம், காது மந்தமானவரிடம் பேசுகிற மாதிரி உரக்க, "கேட்டீங்களா? சாரே வந்து வேண்டாம்னுட்டாங்க. பரவாயில்லையாம். நான்தான் சொன்னேம்லா, படிச்சவங்க, ஒரு கோவத்துல சொல்லியிருப்பாங்கன்னு." நல்லபெருமாள் கழுத்தைப் பிடித்திருந்த கையை விட்டார். அந்த ஒற்றைக் கையை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து, வராத மறு கைக்காகக் காத்திருப்பது போல நிறுத்தினார். அது வணக்கம் என்று புரிய பொன்னுரங்கத்துக்குக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் இனி ஒரு நொடி இந்த மன்னிப்பைக் கொடுக்கிற ஆளாக நிற்க முடியாது என்று தோன்றியது, இப்படியே திரும்பி இறங்கிப் போனால் செத்தாலும் குளிர்ச்சி கிடையாது.

"என் வீட்டு ஈரம்மா அது" என்றார். கடைசி பெஞ்சு என்ன, முதல் பெஞ்சுக்கே கேட்காத குரலாக வந்தது. "உங்க தண்ணியே இல்ல. என் கூலர். ஜன்னலை மூடிக்கிட்டு நானே ஊதி ஊதி நனைச்சிருக்கேன். காலையிலேயே தெரிஞ்சுபோச்சு, உடைக்க ஆரம்பிக்கும்போதே. கீழ உக்காந்து கேட்டுக்கினே இருந்தேன். அன்னிக்கு நான் சொன்னது... இவரை நான் சொன்னது..." அதற்கு மேல் போகவில்லை. போகாமலிருக்க விடக்கூடாது என்று மறுபடி முயன்றார். "மாடுன்னு சொன்னேன். நாக்கு அழுகணும்."

செண்பகவல்லியின் கண்ணில் நின்ற நீர் அப்படியே நின்றது, அதற்கு இப்போது வேலை இல்லாமல் போய்விட்டது. மறைத்திருந்த துண்டை முன்னால் கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து புழுதித் தரையில் சொட்டியது.

"நம்ம தண்ணி," என்றார் நல்லபெருமாள். ஒரு பக்க வாயால், ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைத்து. "நம்ம தண்ணி இல்லியா?"

"இல்லியாம்" என்றாள்.

அவர் பொன்னுரங்கத்தைப் பார்க்கவே இல்லை. மனைவியைத்தான் பார்த்தார். வேர்க்குரு படர்ந்த கழுத்தை இடது கையால் ஒருமுறை தடவினார். சட்டையின் மேல் பொத்தானை அவரே அவிழ்க்க முயன்றார், வரவில்லை.

"அப்போ ஊத்து" என்றார்.

செண்பகவல்லி குளியலறைப் பக்கம் திரும்பினாள். உடைந்த ஓடுகளையும், மண்ணையும், மூடிய குழாயையும் பார்த்தபடி நின்றாள்.

"எங்க வச்சு ஊத்தட்டும்?" என்று கேட்டாள்.